கொண்டை ஊசி வளைவில் கொட்டிய கேரட் மூட்டை: பத்து விநாடி அனிமேஷனின் இயற்பியல்

ஊட்டிப் பக்கத்துக் கேரட் கழுவப்பட்டு, மூட்டையாகி, பிக்கப் வண்டியில் ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவது நீலகிரியில் அன்றாடம் நடக்கிற காரியம். இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பயணத்தில் பத்து விநாடி. இறக்கத்தில் வரும் வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது. மேலடுக்கில் கயிறு தளர்ந்த ஒரு மூட்டை மெல்ல நகர்ந்து, பக்கப் பலகையைத் தாண்டிச் சாலையோரத்தில் விழுந்து வாய் பிரிகிறது. பாதிக் கேரட் தார்ச்சாலையிலேயே கிடந்துவிட, மீதி தடுப்புக் கட்டைகளின் இடைவெளி வழியே தேயிலைச் சரிவில் இறங்கிப் போகிறது.

விநாடிக்கு 24 ஃப்ரேம் வீதம் மொத்தம் 240 ஃப்ரேம். மென்பொருள் பிளெண்டர், முப்பரிமாண அனிமேஷன் செய்வது. அதற்குள் மோதல் கணக்கைப் போடுவது எர்வின் கூமன்ஸ் உருவாக்கிய புல்லட் என்ற கட்டற்ற இயற்பியல் நூலகம். 2013-இல் வந்த பிளெண்டர் 2.66 பதிப்பிலிருந்து அனிமேட்டர்கள் அதை ரிஜிட் பாடி (வளையாத திடப்பொருள்) என்ற பெயரில் நேரடியாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

எல்லாவற்றையும் இயல்பு அமைப்பில் விட்டு ஓட்டிய முதல் ஓட்டத்தில் மூட்டை வண்டிக்குப் பின்னால் பொத்தென்று விழுந்தது. கேரட்டுகள் மூட்டைக்குள்ளிருந்து பட்டாசு போல வெடித்துக் கிளம்பின. சில தாருக்குள் புகுந்து காணாமல் போயின. மிச்சமிருந்தவை சாலையில் படுத்தபடி நடுங்கிக்கொண்டே இருந்தன. இந்த நான்கு கோளாறுக்கும் நான்கு வேறு காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே திருகாணியால் சரிசெய்யப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நேரத்தைத் தின்கிறது. டேம்பிங்கை (அசைவைத் தணிக்கும் எண்ணை) ஏற்றினால் நடுக்கம் அடங்கும், அதோடு காட்சியின் உயிரும் அடங்கிப் போகும்.

மூட்டை எந்தப் பக்கம் விழும்

இந்தக் கேள்விக்கு மென்பொருளைத் திறக்கும் முன்பே காகிதத்தில் பதில் வேண்டும். வளைவின் ஆரம் 8 மீட்டர், வண்டியின் வேகம் மணிக்கு 20 கி.மீ., அதாவது விநாடிக்கு 5.56 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 3.86 மீ/வி². இது புவியீர்ப்பில் 0.39 பங்கு. சாக்குக்கும் அதன் அடியில் உள்ள பரப்புக்கும் இடையே உராய்வுக் கெழு 0.39-க்குக் கீழே இருந்தால் மூட்டை நகரும், மேலே இருந்தால் நகராது. நகர்வது வளைவின் வெளிப்பக்கமாகத்தான், பின்பக்கமாக அல்ல. மணிக்கு 15 கி.மீ. என்றால் தேவை 0.22 பங்காகச் சுருங்கிவிடும், மூட்டை அசையாது. 25 கி.மீ. என்றால் 0.61 ஆகிவிடும். அந்த நிலையில் மூட்டையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட வண்டியைப் பற்றிக் கவலைப்படுவது நல்லது.

ஆக, பின்கதவு திறந்து மூட்டை விழுவதாக வரையப்பட்டிருந்த ஸ்டோரிபோர்டையே மாற்ற வேண்டியிருந்தது. வண்டித் தளம் சாலையிலிருந்து 80 செ.மீ. உயரம், பக்கப் பலகை 50 செ.மீ., மூட்டையின் தடிமன் 30 செ.மீ. மூன்று அடுக்கு வைத்தால் மேலடுக்கின் அடிப்பக்கம் 1.4 மீட்டரில் வரும். பலகையின் விளிம்போ 1.3 மீட்டரில் முடிந்துவிடுகிறது. கீழ் இரண்டு அடுக்கையும் பலகை பிடித்துக்கொள்ளும். மேலடுக்கைப் பிடிப்பது கயிறு மட்டுமே. கயிறு தளர்ந்தால் எது விழும் என்பதில் சந்தேகமே இல்லை.

புல்லட் இரண்டு பொருள்களின் உராய்வு எண்களைப் பெருக்குகிறது, சராசரி எடுப்பதில்லை. சாக்குக்கு 0.6 கொடுத்தால் சாக்கின்மேல் சாக்கு 0.36 ஆகும். 0.39-க்குச் சற்றுக் கீழே. மீதமிருக்கும் முடுக்கம் 0.33 மீ/வி² மட்டும். அந்த முடுக்கத்தில் அரை மீட்டர் நகர 1.74 விநாடி, ஏறக்குறைய 42 ஃப்ரேம். பார்ப்பவர் ‘விழப்போகுது’ என்று உணர இந்த 42 ஃப்ரேம் தேவை. உராய்வை 0.2 ஆக்கினால் அதே தூரத்தை 17 ஃப்ரேமில் கடந்து, பதைப்புக்கு இடமில்லாமல் போய்விடும்.

இதெல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோது சாலை மாடலில் உட்பக்கச் சாய்வு சேர்க்கப்பட்டது. வளைவுகளில் நிஜச் சாலை அப்படித்தான் இருக்கும். மூன்று டிகிரிதான், ஆனால் மூட்டை உறைந்து நின்றுவிட்டது. காரணம், மூன்று டிகிரிச் சாய்வு தேவையான கெழுவை 0.39-லிருந்து 0.33-க்கு இறக்கிவிடுகிறது. கையில் இருப்பதோ 0.36. சாக்கின் எண்ணை 0.55 ஆக்கியதும் பெருக்கல் 0.30 ஆகி, நிகர முடுக்கம் மறுபடியும் 0.32 மீ/வி², மறுபடியும் 42 ஃப்ரேம். மாடலிங் முடிந்த பிறகுதான் சிமுலேஷன் என்ற ஒழுங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று டிகிரியைக் காட்டலாம்.

இன்னொன்று. மூட்டை விழும்போது வண்டியின் வேகம் அதனிடம் அப்படியே இருக்கும். 1.4 மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.53 விநாடி, 13 ஃப்ரேம். அதற்குள் மூட்டை முன்னோக்கி ஏறத்தாழ 3 மீட்டர் பறந்திருக்கும். வண்டி வளைந்து விலக, மூட்டை தொடுகோட்டில் நேராகப் போகும். வண்டி நகர்வைத் தனியாக அனிமேட் செய்துவிட்டு, மூட்டையை விழும் ஃப்ரேமில் புதிதாக ‘ஆக்டிவ்’ (புல்லட் நகர்த்தும் பொருள்) ஆக்கினால் இந்த வேகம் கிடைக்காது. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து யாரோ தள்ளிவிட்டது போல இருக்கும். வண்டித் தளம் ‘பாசிவ்’ (மோதலால் அசையாத) வகையில், அனிமேட்டர் சொன்னபடி நகர்வதற்கான ‘அனிமேட்டட்’ பெட்டி டிக் செய்யப்பட்டு, மூட்டை தொடக்கத்திலிருந்தே அதன்மேல் உட்கார்ந்து வந்தால்தான் வேகம் தானாக ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்ற இடத்திலிருந்து முதல் ஃப்ரேமிலேயே முழு வேகம் எடுத்தால் மூட்டைகள் பின்னால் தாவும். எனவே 50 ஃப்ரேம் முன்னோட்டம் கொடுத்து, காட்சியை 51-லிருந்து 290 வரை வைத்தோம். அப்படிச் செய்ததும் கடைசி 40 ஃப்ரேமில் எல்லாம் சிலையாக நின்றது. ரிஜிட் பாடி கேஷின் (கணக்கிட்ட நகர்வைச் சேமித்து வைக்கும் இடத்தின்) இயல்பு முடிவு 250-ஆவது ஃப்ரேம் என்பது மறந்துபோயிருந்தது. அதை 300 ஆக்கினால் தீர்ந்தது.

கேரட் ஒரு சிறிய கூம்பு

20 செ.மீ. நீளம், தோளில் 4 செ.மீ. விட்டம், வால் பக்கம் 1 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் வெட்டிய கூம்பின் கன அளவு 110 கன செ.மீ. கேரட்டின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் எடை ஏறக்குறைய 110 கிராம். 50 கிலோ மூட்டையில் சுமார் 450 கேரட். நீளத்தில் வேறுபாடு வேண்டும் என்பதற்காக ஒரே மாடலைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி நகல் எடுப்பதைவிட, ஆறு தனி மாடல் செய்து ஒவ்வொன்றிலும் ஸ்கேலை அப்ளை செய்துவிடுவது (மாற்றிய அளவையே மாடலின் சொந்த அளவாக்குவது) பாதுகாப்பு.

பிளெண்டரில் ஒரு பொருளின் ஆரிஜின் புள்ளி எங்கே இருக்கிறதோ அதையே எடை மையம் என்று புல்லட் எடுத்துக்கொள்ளும். கேரட்டை மாடல் செய்தவர் ஆரிஜினை நீளத்தின் நடுவில், அதாவது 10 செ.மீ.யில் விட்டிருந்தார். உண்மையான எடை மையம் தோளிலிருந்து 6.4 செ.மீ.யில் இருக்கிறது. மூன்றரை செ.மீ. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் காற்றில் சுழலும் கேரட் நடுவைச் சுற்றிச் சுழன்றால் குச்சி மாதிரி இருக்கும், தோள் பக்கத்தைச் சுற்றிச் சுழன்று வால் வீசினால்தான் கேரட் மாதிரி இருக்கும். ‘செட் ஆரிஜின்’ பட்டியலில் கன அளவு வழியாகக் கணக்கிடும் ‘சென்டர் ஆஃப் மாஸ்’ தேர்வு இதற்காகவே உள்ளது. பரப்பு வழியாகக் கணக்கிடும் இன்னொன்றும் பக்கத்திலேயே இருக்கும், அது வேண்டாம்.

அடுத்தது கூம்பு உருளும் விதம். கூம்பு நேராக உருளாது, தன் கூர்முனை இருக்கவேண்டிய புள்ளியைச் சுற்றி வட்டமடிக்கும். நம் கேரட்டின் தோள் பக்கம் போடும் வட்டத்தின் ஆரம் 27 செ.மீ.தான். லேசான சரிவில் விட்டால் அது மரக்கட்டை போல உருண்டு ஓடாமல் ஒரு அரைவட்டம் திரும்பி, தடித்த முனை இறக்கத்தைப் பார்க்க, ஊசல் போல இருபுறமும் ஆடி நிற்கும். சரிவு அதிகமானால் அந்த நிலையிலேயே, தோள் முன்னும் வால் பின்னுமாக, வழுக்கிக்கொண்டு இறங்கும். முதல் சோதனைகளில் மோதல் வடிவமாக ‘சிலிண்டர்’ வைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குக் கூம்பாகத் தெரிந்த பொருள் உருளையாக உருண்டது. எங்கே தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ‘இது கேரட் இல்லை’ என்று பார்த்தவர்கள் உடனே சொன்னார்கள். பொருளை இறுக்கமாகப் போர்த்தும் குழியில்லாத ‘கன்வெக்ஸ் ஹல்’ வடிவத்துக்கு மாற்றியதும் அரைவட்டத் திருப்பம் தானாக வந்தது.

கன்வெக்ஸ் ஹல்லிலும் ஒரு குறை உண்டு. அதன் சுழற்சி நிலைமத்தைப் புல்லட் உண்மையான வடிவத்துக்குக் கணக்கிடுவதில்லை. வடிவத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி வரைந்து, பெட்டியின் நிலைமத்தையே கொடுத்துவிடுகிறது. கேரட்டின் நீள அச்சைச் சுற்றி இது உண்மையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனவே கேரட் உருளத் தொடங்கவும் உருண்டது நிற்கவும் கொஞ்சம் மந்தமாகவே இருக்கும். பிளெண்டரின் பட்டியல்களில் இதைத் திருத்த வழியில்லை. சுழற்சி டேம்பிங்கை ஏற்றாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம், இன்னொன்று பின்னால் வரும்.

பத்து மடங்கு பெரிய கேரட்

நடுக்கத்துக்குக் காரணம் அளவு. புல்லட் நகரும் பொருள்களை 5 செ.மீ.க்கும் 10 மீட்டருக்கும் இடையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பிளெண்டரின் இயல்பு மோதல் மார்ஜின் (மோதல் கணக்குக்காகப் பரப்பை ஒட்டி விடும் இடைவெளி) 4 செ.மீ. நம் கேரட்டின் தோள் விட்டமே 4 செ.மீ. கேரட்டுக்குள் அந்த மார்ஜினைப் புதைக்க இடமே இல்லை. மார்ஜினை வெளியே கட்டாயப்படுத்தினால் கேரட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நிற்கும். மார்ஜினே இல்லாமல் விட்டால் தொடும் இடம் ஒவ்வொரு நொடியும் மாறி நடுக்கம் வரும்.

இதற்கு நெடுநாளாக வழக்கத்தில் உள்ள மருந்து ஒன்று உண்டு: சிமுலேஷன் காட்சியை முழுவதுமாகப் பத்து மடங்கு பெரிதாக்குவது. கேரட் 2 மீட்டர், மூட்டை 9 மீட்டர், இரண்டும் புல்லட் விரும்பும் எல்லைக்குள் வருகின்றன. வண்டி 40 மீட்டர் ஆகிவிடும், ஆனால் அது கீஃப்ரேமில் (அனிமேட்டர் குறித்துவைத்த நிலைகளில்) நகர்வதால் கவலையில்லை. 4 செ.மீ. மார்ஜின் நிஜ அளவில் 4 மி.மீ. ஆகிவிடும்.

பெரிதாக்கும்போது புவியீர்ப்பையும் பத்து மடங்காக்க வேண்டும், 9.81 போய் 98.1. இதை மறந்தால் 13 ஃப்ரேமில் விழ வேண்டியது 40 ஃப்ரேம் எடுத்துக்கொள்ளும், ராட்சதக் கேரட்டுகள் நிதானமாக மிதந்து இறங்கும். அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சாதாரண உருண்டையை 1.4 மீட்டருக்குச் சமமான உயரத்திலிருந்து போட்டு ஃப்ரேம் எண்ணுவது நல்ல பழக்கம். 13 வந்தால் அளவும் ஈர்ப்பும் ஒத்துப்போகின்றன. மலை உயரத்தில் ஈர்ப்பு குறையாதா என்று சிலர் கேட்பதுண்டு. குறையும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரமும் 11 டிகிரி அட்சரேகையும் சேர்ந்து 9.78 அளவில் கொண்டுவிடும். ஒரு விநாடி விழுகிற பொருளுக்கு ஒன்றரை செ.மீ. வித்தியாசம். யார் கண்ணிலும் படாது.

ஓய்வு நிலைக்குப் போகும் வேக வரம்பையும் தொட வேண்டும். இயல்பில் விநாடிக்கு 0.4 மீட்டர். பெரிதாக்கிய காட்சியில் அது நிஜத்தின் 4 செ.மீ.க்குச் சமம், ஆகவே கேரட்டுகள் தூங்கப் போகாமல் நெளிந்துகொண்டிருக்கும். 1.5 அளவுக்கு ஏற்றியதும் அடங்கின. 4 வரை ஏற்றினால் சரிவில் மெதுவாக நகரும் கேரட் திடீரென்று ஆணி அடித்தது போல நிற்கும்.

தாருக்குள் மறைந்த கேரட்டுகள்

மூட்டை தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் விநாடிக்கு 5.2 மீட்டர், முன்னோக்கிய வேகம் 5.6 மீட்டர். சேர்த்தால் 7.6. ஒரு ஃப்ரேமுக்குள் எத்தனை முறை கணக்குப் போடுவது என்ற சப்ஸ்டெப் எண் இயல்பில் 10 என்றால் விநாடிக்கு 240 கணிப்பு. ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கேரட் 3.2 செ.மீ. தாண்டியிருக்கும். வால் பக்கத்தின் விட்டமோ 1 செ.மீ. சாலை தடிமனற்ற மெஷ் (வலைப்பின்னல்) பரப்பு. ஒரு கணிப்பில் மேலே, அடுத்த கணிப்பில் கீழே, தொட்ட கணம் கணக்கிலேயே வராது.

சப்ஸ்டெப்பை 40 ஆக்கினால் விநாடிக்கு 960 கணிப்பு, தாவல் 0.8 செ.மீ. வால் தடிமனைவிடக் குறைவு, அதுதான் வேண்டியது. அப்போதும் எப்போதாவது ஒன்று தப்பும். விழும் இடத்துக்குக் கீழே மட்டும் கண்ணுக்குத் தெரியாத தடித்த ‘பாக்ஸ்’ ஒன்றைப் புதைத்து வைத்தால் அதுவும் நின்றுவிடும். பெட்டி வடிவத்துக்கு உட்பக்கம் உண்டு, உள்ளே புகுந்த பொருளை வெளியே தள்ளும். மெஷ் வெறும் தோல்தான். பெட்டியின் மேற்பரப்பு சாலையைவிட அரை செ.மீ. கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் கேரட் தடுக்கும். சால்வர் இட்டரேஷன் (ஒவ்வொரு கணிப்பிலும் விடையைத் திருத்திப் பார்க்கும் தடவை) 10-லிருந்து 30 ஆக்கப்பட்டது. அது ஊடுருவலுக்காக அல்ல, மூன்றடுக்கு மூட்டை வண்டிக்குள் தள்ளாடாமல் இருப்பதற்காக.

எட்டுப் பட்டை, இருபத்துநான்கு பட்டை

சாலையின் நெட்டுச் சரிவு 1-க்கு 12. நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரப் பகுதியிலும் உச்சச் சரிவு இதுதான். கோணமாகச் சொன்னால் 4.8 டிகிரி. இந்தச் சரிவில் சிதறிய கேரட் ஓரளவு உருண்டு நின்றுவிட வேண்டும், தேயிலைச் சரிவின் 30 டிகிரியில் நிற்காமல் போக வேண்டும். புல்லட்டுக்குள் உருளல் உராய்வு என்று தனி எண் இருக்கிறது, பிளெண்டர் அதை வெளியே காட்டுவதில்லை. பலரும் உடனே சுழற்சி டேம்பிங்கை 0.6-க்கு ஏற்றிவிடுவார்கள். அந்த எண்ணின் பொருள் விநாடிக்கு 60 சதவீதச் சுழற்சி போய்விடும் என்பது. தரையில் மட்டுமல்ல, காற்றிலும்தான். விழும் 13 ஃப்ரேமுக்குள் சுழற்சியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் மறைந்து, கேரட்டுகள் தேனுக்குள் விழுவது போல இருக்கும்.

இதைவிட நல்ல திருகாணி மோதல் வடிவத்தின் பட்டை எண்ணிக்கை. ஒழுங்கான பல பட்டை உருளை ஒன்று சரிவில் தானாகப் புரள வேண்டுமென்றால், சரிவின் கோணம் 180-ஐப் பட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் டிகிரியைத் தாண்ட வேண்டும். எட்டுப் பட்டை என்றால் 22.5 டிகிரி. கணினி வேகத்துக்காக எட்டுப் பட்டையில் செய்த கேரட் சாலையில் பென்சில் போலப் படுத்துக்கொண்டது இதனால்தான். 16 பட்டைக்கு 11.25 டிகிரி, 24-க்கு 7.5, 36-க்கு 5. நமக்குச் சாலை 4.8, சரிவு 30. 24 பட்டை வைத்தால் சாலையில் ஓடிவரும் கேரட் ஒவ்வொரு பட்டையிலும் கொஞ்சம் வேகத்தை இழந்து நிற்கும், நின்றது தானாகக் கிளம்பாது. தேயிலைச் சரிவில் தாராளமாகப் புரளும். நிஜக் கேரட்டும் உருண்டை இல்லை. அங்கங்கே தட்டையும் கோணலும் உண்டு, அது நிற்பதும் இதே காரணத்தால்தான். சுழற்சி டேம்பிங் இயல்பான 0.1-லேயே விடப்பட்டது.

துள்ளலும் பெருக்கல்தான். இயல்பில் எல்லாப் பொருளுக்கும் பவுன்சினெஸ் பூஜ்யம். கேரட்டுக்கு 0.9 கொடுத்தாலும் சாலை பூஜ்யமாக இருந்தால் துள்ளாது. இது தெரியாமல் கேரட்டின் எண்ணை 1 வரை ஏற்றிவிட்டு, பிறகு சாலைக்கு எண் கொடுக்கும்போதுதான் பிங்பாங் வருகிறது. கேரட் 0.3, சாலை 0.5, பெருக்கல் 0.15. அதன்படி 1.4 மீட்டரிலிருந்து விழுந்தது 3 செ.மீ. எழும்பும். 0.3 என்றால் பன்னிரண்டரை செ.மீ. முதலாவதுதான் காய்கறி.

உராய்வுக்குக் கேரட் 0.7, தார் 0.8 என்று தொடங்கி 0.56 கிடைத்தது. காய்ந்த கேரட்டுக்கு அது பொருந்தும். ஆனால் மலையிலிருந்து இறங்கும் கேரட் கழுவும் மெஷினிலிருந்து நேராக வருவது, ஈரம் சொட்டும். பனிக்காலையில் சாலையும் நனைந்திருக்கும். தாரின் எண் 0.45-க்கு இறங்கி, பெருக்கல் 0.32 ஆனது. வழுக்கத் தொடங்கும் கோணம் 29 டிகிரியிலிருந்து பதினேழரைக்கு வந்தது. இந்த ஒரு மாற்றத்தில் சிதறல் ஒன்றரை மடங்கு அகலமானது போலத் தோன்றியது. ஷேடிங் செய்பவர் சாலையில் ஈரப் பளபளப்பு வைக்கப்போகிறாரா இல்லையா என்பதைச் சிமுலேஷன் செய்பவர் முன்னமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூட்டை பிரியும் ஃப்ரேம்

450 கேரட்டைச் சாக்குக்குள் கையால் அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். முதல் ஃப்ரேமிலேயே புல்லட் அவற்றைப் பிரித்துத் தள்ளும். முதல் ஓட்டத்தில் பார்த்த பட்டாசு அதுதான். அதற்குப் பதில், சாக்கு வடிவிலான கொள்கலன் ஒன்றுக்குள் கேரட்டுகளை மேலிருந்து கொட்டி, நூறு ஃப்ரேம் அடங்கவிட்டு, அந்த நிலையைத் தொடக்க நிலையாக அப்ளை செய்ய வேண்டும். கொள்கலனின் மோதல் வடிவம் ‘மெஷ்’ ஆக இருக்கட்டும். கன்வெக்ஸ் ஹல் குழியை மூடிவிடும், அதற்குள் எதுவும் தங்காது. வண்டித் தளமும் குழிதான். அதை மெஷ்ஷாக விடாமல் அடி, இரு பக்கம், முன், பின் என ஐந்து பெட்டிகளால் கட்டியதில் ஓட்டம் வேகமாகவும் அசைவு நிதானமாகவும் இருந்தது.

விழும்வரை 450 கேரட்டும் கணக்கில் இருக்கத் தேவையில்லை. முழு மூட்டை ஒன்றை மட்டும் ஓட்டி, அதன் நகர்வைப் பேக் செய்து (கீஃப்ரேமாகப் பதிந்து), கேரட்டுகளை அதற்கு பேரன்ட் செய்து (அதோடு நகரும்படி பிணைத்து), அவற்றின் ‘அனிமேட்டட்’ பெட்டியைத் தரையைத் தொடும் ஃப்ரேம் வரை டிக்கில் வைத்து, அடுத்த ஃப்ரேமில் எடுத்துவிடக் கீஃப்ரேம் போடலாம். பெட்டி அணைந்த கணத்தில் ஒவ்வொரு கேரட்டும் தான் வந்துகொண்டிருந்த வேகத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே ஃப்ரேமில் அணைந்தால் சாக்கு மாயமாக மறைந்தது போலிருக்கும். மூட்டையின் வாய் தைத்த நூல் ஒரு முனையிலிருந்துதான் பிரியும். ஆகவே வாய்ப்பக்கக் கேரட்டுகளை முதலிலும், அடிப்பக்கத்தவற்றை 10 ஃப்ரேம் கழித்தும் என்று படிப்படியாக விடுவித்தோம். வாயிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தாமதம். அடிப்பக்கம் இருபது முப்பது கேரட் சாக்குக்குள்ளேயே தங்கட்டும்.

எடையில் ஒரு பொய் தேவைப்படுகிறது. 50 கிலோ மூட்டை 110 கிராம் கேரட்டின்மேல் உட்கார்ந்தால் விகிதம் 450-க்கு ஒன்று. கனமானது இலேசானதன்மேல் நிற்கும்போது புல்லட் தடுமாறும், அடியில் சிக்கிய கேரட் கவணில் விட்ட கல்லாகப் பாயும். முழு மூட்டைகளின் எடையை 2 கிலோ என்று எழுதிவைத்தோம். விழும் வேகத்துக்கு எடை தேவையில்லை, மோதிய பிறகு மூட்டை கனமானது என்று காட்டுவது அசைவின் நேரக்கணக்கு. காற்றுத் தடையையும் விட்டுவிடலாம். விழும் வேகத்தில் கேரட்டுக்கு அது எடையில் ஆறு சதவீதம் அளவுதான்.

தேயிலைச் செடியில் விழும் கேரட்

கவாத்து செய்த தேயிலைச் செடியின் தலை மேசை போலத் தட்டையாக, இடுப்பளவு உயரத்தில் இருக்கும். இலைகளின் மேற்பரப்பையே மோதல் பரப்பாக வைத்தால் கேரட் பலகையில் விழுந்தது போலச் சறுக்கும். மோதல் பரப்பைக் கண்ணுக்குத் தெரியும் இலைமட்டத்திலிருந்து 7 செ.மீ. கீழே இறக்கி, துள்ளல் பூஜ்யம், உராய்வு 1 என்று வைத்ததும் கேரட் இலைக்குள் அமிழ்ந்து சிக்கியது. எல்லாம் சிக்கிக்கொண்டால் சரிவு வெறிச்சோடிப் போகும், எனவே செடி வரிசைகளுக்கு நடுவே உள்ள மண் தடத்துக்குத் தனிப் பரப்பு வைத்தோம். சிக்கும் இலைகளின் அசைவு தனி வேலை. கேரட்டின் பாதையைப் பேக் செய்த பிறகு அதைத் தூண்டுகோலாக வைத்து இலைகளை ஆட்டுவது போதும், இலை திருப்பிக் கேரட்டைத் தள்ள வேண்டியதில்லை.

பனிமூட்டம் இந்தக் காட்சிக்குப் பெரிய உதவி. சாலை விளிம்பிலிருந்து 15 மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. அந்தக் கோட்டைத் தாண்டிய கேரட்டுகளைப் பிடித்து நிறுத்த ஒரு குழி வெட்டியிருந்தால் போதும், முடிவில்லாமல் விழுந்துகொண்டிருக்கும் பொருள்களைக் கணினி சுமக்க வேண்டாம்.

மைல்கல் அருகே நிற்க வேண்டிய ஒன்று

காட்சியின் கடைசியில் ஒரு கேரட் மட்டும் கேமரா அருகே மஞ்சள் மைல்கல்லை ஒட்டி வந்து நிற்க வேண்டும். சிமுலேஷனிடம் இப்படிக் கேட்டு வாங்க முடியாது. ஒரு கேரட்டின் தொடக்கக் கோணத்தை ஒரு டிகிரி மாற்றினாலும் முப்பது ஃப்ரேமுக்குள் மொத்தச் சிதறலும் வேறாகிவிடும். வாய்ப்பக்கக் கேரட் ஒன்றின் கோணத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பல ஓட்டம் ஓட்டி, மைல்கல்லுக்குக் கிட்டே ஏதாவது ஒன்று வந்து நிற்கும் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு ஓட்டத்தையும் முதல் ஃப்ரேமிலிருந்து பார்க்க வேண்டும். டைம்லைனில் நடுவே குதித்துப் பார்த்தால் கேஷ் இல்லாத இடத்தில் பொய்யான நிலை காட்டும்.

தேர்ந்த ஓட்டத்தைக் கீஃப்ரேமாகப் பேக் செய்த பிறகு, அந்த ஒரு கேரட்டின் கடைசி 35 ஃப்ரேமைக் கையால் திருத்தி, அதை ‘பாசிவ், அனிமேட்டட்’ ஆக்கி, சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு கேரட்டை மட்டும் மறுபடி ஓட்டவிட்டோம். கையால் திருத்தியது தெரியாமல் இருக்க, அரைவட்டத் திருப்பத்தின் 27 செ.மீ. ஆரத்தை விட்டுவிடக் கூடாது. முதலில் நேராக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியபோது நானூற்றைம்பதுக்கு நடுவே அது மட்டும் தனியாகத் தெரிந்தது. வளைந்து வந்து, தடித்த முனை இறக்கத்தைப் பார்க்க இரண்டு முறை ஆடி நின்றதும் கூட்டத்தோடு கலந்துவிட்டது. பிறகு எல்லாக் கீஃப்ரேமும் ஒரு வெற்றுப் பொருளுக்கு பேரன்ட் செய்யப்பட்டு, அதன் ஸ்கேல் 0.1 ஆக்கப்பட்டு, நிஜ அளவுக் காட்சிக்குள் ஏற்றப்பட்டது. ரிஜிட் பாடி வேர்ல்டை அதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரெண்டர் ஓடும்போது அது மறுபடி கணக்குப் போடத் தொடங்கி, பேக் செய்ததைக் கலைத்துவிடும்.